வாக்கு ஓரிடம், அதிகாரம் வேறிடம்: உள்ளூர் சுகாதார அமைப்புகளில் மக்களின் இடம் எது?

புதுதில்லி: 2023 பிப்ரவரி 22-ம் தேதி இரவு தில்லி மாநகராட்சி மன்றத்தில் நடந்தவற்றை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. உறுப்பினர்கள் ஒருவர் மீது ஒருவர் தண்ணீர்ப் புட்டிகளை வீசினர். வாக்குப்பெட்டி தூக்கி எறியப்பட்டது. விடிய விடிய அவை பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. இத்தனையும் மேயர் பதவிக்காக அல்ல. மேயர் தேர்தல் அன்று பகலிலேயே முடிந்துவிட்டது. 18 பேர் கொண்ட நிலைக்குழுவில், மாமன்றம் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆறு இடங்களுக்காகவே இந்த மோதல்.

ஒரு குழுவின் ஆறு இடங்களுக்கு ஏன் இத்தனை போட்டி? தில்லி மாநகராட்சியில் அப்போது 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்கு நிலைக்குழுவின் ஒப்புதல் தேவைப்பட்டது. குப்பை அள்ளும் ஒப்பந்தமும், காஜிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா ஆகிய இடங்களில் மலைபோல் குவிந்த பழைய கழிவை அகற்றும் ஒப்பந்தமும் இந்த வரம்புக்குள் வரக்கூடியவை. வழக்குகளில் சிக்கிய அந்தக் குழு 2025 ஜூன் மாதத்தில்தான் அமைந்தது. 2022 டிசம்பரில் வாக்களித்த தில்லி மக்கள், தாங்கள் தேர்ந்தெடுத்த மாமன்றத்தின் முதன்மையான குழுவைக் காண இரண்டரை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

குப்பை அகற்றுவதும் கொசுவை ஒழிப்பதும் மாநகராட்சியின் அடிப்படைக் கடமைகள். அவற்றில் சுணக்கம் ஏற்பட்டால் என்ன நேரும் என்பதைத் தலைநகரம் அறியும். 1996-ம் ஆண்டு டெங்கு காய்ச்சலுக்கு தில்லியில் 400-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். 2015-ம் ஆண்டில் 15,000-க்கும் மேற்பட்டோர் அதே காய்ச்சலால் பாதிக்கப்பட்டனர். ஆகவே, நிலைக்குழு பெயரளவில் நிதி சார்ந்த குழுவே ஆனாலும், நகரத்தின் பொது சுகாதாரம் அதன் கையில்தான் உள்ளது.

ஆனால் நீதிமன்றப் படியேறிய கேள்விகள் வேறு. ஒரு வாக்குச் சீட்டு செல்லுமா, செல்லாதா என்பது ஒன்று. துணைநிலை ஆளுநர் தாமாகவே 10 பேரை மாநகராட்சிக்கு நியமிக்கலாமா என்பது மற்றொன்று. இந்த நியமன உறுப்பினர்களுக்கு மாமன்றத்தில் வாக்குரிமை இல்லை. ஆனால் மண்டல வார்டு குழுக்களில் உண்டு. நிலைக்குழுவின் எஞ்சிய 12 உறுப்பினர்களை அனுப்புபவை அந்த வார்டு குழுக்களே. துணைநிலை ஆளுநருக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 5-ம் தேதி தீர்ப்பளித்தது.

இந்தச் சண்டை எழுப்பும் கேள்வி தில்லிக்கு மட்டும் உரியதல்ல. ஊர் மருத்துவமனையையும் சுகாதாரப் பணிகளையும் மேற்பார்வை செய்யும் நாற்காலிக்கு யார் வருகிறார்கள்? மக்களிடம் வாக்குக் கேட்டு வருகிறார்களா, நியமன ஆணையைப் பெற்று வருகிறார்களா? வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு அங்கே அதிகாரம் இருக்கிறதா?

காகிதத்தில் நின்ற வாரியம்

இந்தக் கேள்விக்கான விடையை விடுதலைக்கு முன்பே ஒரு குழு எழுதி வைத்திருக்கிறது. சர் ஜோசப் போர் தலைமையில் 1943-ல் அமைக்கப்பட்ட சுகாதார ஆய்வு, வளர்ச்சிக் குழு 1946-ல் அறிக்கை அளித்தது. இன்றைய ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அடித்தளமிட்ட அறிக்கை அது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவில் உறுப்பினர்.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு சுகாதார வாரியம் வேண்டும், அதில் சுகாதார அதிகாரிகளுடன் மக்களின் பிரதிநிதிகளும் அமர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. கிராமங்களில் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சுகாதாரக் குழுக்கள் வேண்டும் என்றும் கூறியது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. மக்கள் அமரும் மாவட்ட வாரியம் வரவில்லை. மருத்துவமனைகள் மாநிலத் துறைகளின் கீழ் சென்றன. மாவட்ட அளவில் ஆட்சியரும் சுகாதார அதிகாரியும் முடிவெடுப்பது வழக்கமாயிற்று.

மக்கள் நேரடியாக வாக்களித்துச் சுகாதார வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை உலகில் இல்லாத ஒன்றல்ல. நியூசிலாந்தில் 2001 முதல் 2019 வரை மாவட்டச் சுகாதார வாரியங்களுக்கு உள்ளாட்சித் தேர்தலுடன் சேர்த்து வாக்கெடுப்பு நடந்தது. வேட்பாளர்கள் மருத்துவமனைக் காத்திருப்பையும் வாரியத்தின் கடனையும் பேசி வாக்குக் கேட்டனர். ஆயினும் பணம் வந்தது மத்திய அரசிடமிருந்து. வாரியத் தலைவரை நியமித்தது அமைச்சர். 2022 ஜூலை 1-ம் தேதி அந்த வாரியங்கள் கலைக்கப்பட்டன. தேர்தல் மட்டும் இருந்து நிதியும் அதிகாரமும் வேறிடத்தில் இருந்தால் அமைப்பு நிலைக்காது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இந்தியாவில் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, கதவு மீண்டும் திறந்தது. பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகளின் பட்டியலில் 23-வதாக மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் உள்ளிட்ட சுகாதாரம் இடம்பெற்றது. நகராட்சிகளுக்கான பட்டியலில் பொது சுகாதாரம் ஆறாவது இடத்தைப் பெற்றது. ஆனால் ஒப்படைப்பதும் ஒப்படைக்காமல் விடுவதும் மாநில அரசுகளின் விருப்பத்துக்கு விடப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் பட்டியலை ஏற்றன. பணியாளர்களையும் பணத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

நியமனமே விதி

இன்று அரசு மருத்துவமனைகளின் அன்றாடத் தேவைகளைக் கவனிப்பவை "ரோகி கல்யாண் சமிதி' எனப்படும் நோயாளர் நலச் சங்கங்கள். அவற்றின் பிறப்பிடம் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர். 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி பரவியபோது, இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலிகள் பெருகிக் கிடந்தன. மாவட்ட நிர்வாகம் நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்றி, மருத்துவமனையைக் காலி செய்து, எலிகளை ஒழித்துச் சுத்தம் செய்தது. அந்த நிலை மீண்டும் வராமல் காக்க ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. திக்விஜய் சிங் ஆட்சி அதை மாநிலம் முழுவதும் கொண்டு சென்றது. 2005 ஏப்ரல் 12-ம் தேதி தொடங்கப்பட்ட தேசிய ஊரக சுகாதார இயக்கம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது.

நல்ல நோக்கத்தில் பிறந்த ஏற்பாடுதான். ஆனால் அதன் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் ஒன்று புலப்படும். அதிகாரிகள் பதவி வழி வருகிறார்கள். சட்டப்பேரவை உறுப்பினர், உள்ளாட்சித் தலைவர் போன்றோரும் அப்படியே. தொண்டு நிறுவனத்தினர், ஊர்ப் பிரமுகர்கள் நியமனத்தின் மூலம் வருகிறார்கள். அந்த மருத்துவமனை வரிசையில் நிற்கும் நோயாளி, அந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஒருவரையும் அந்தப் பொறுப்புக்கென்று தேர்ந்தெடுத்ததில்லை. அகற்றவும் வழியில்லை.

கிராம அளவில் சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு உண்டு. பஞ்சாயத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் அதற்குத் தலைவர். ஆஷா பணியாளர் செயலர். இங்கே தேர்தலின் நிழல் விழுகிறது. ஆனால் குழுவின் கையில் தரப்பட்டது ஆண்டுக்கு 10,000 ரூபாய். கிணற்றில் குளோரின் போடவும், அவசரத்துக்கு ஒரு நோயாளியை வண்டியில் ஏற்றி அனுப்பவும் அது உதவும். மருத்துவர் வராத நிலையத்துக்கு மருத்துவரை வரவழைக்க உதவாது.

2007-ல் தமிழகம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு என்ற பெயரில் ஒரு சோதனை முயற்சி நடந்தது. ஊர் மக்களே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மதிப்பெண் அட்டை தயாரித்தனர். மகாராஷ்டிரத்தில் பொது விசாரணை மேடைகளில் அதிகாரிகள் பதில் கூற வேண்டியிருந்தது. கேள்வி கேட்கும் உரிமையை அந்த முயற்சி தந்தது. முடிவெடுக்கும் உரிமை அதில் இல்லை.

கேரளத்தின் வழி

நியமன விதிக்கு விலக்காக நிற்பது கேரளம். 1995 செப்டம்பரில் வெளியான அரசாணையின்படி மருத்துவமனைகள் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையம் கிராம பஞ்சாயத்துக்கும், மாவட்ட மருத்துவமனை மாவட்டப் பஞ்சாயத்துக்கும் சென்றன. மருத்துவக் கல்லூரிகள் மட்டும் மாநில அரசிடமே தங்கின. 1996 ஆகஸ்டில் இ.கே. நாயனார் அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முன்வந்தது. பொறுப்புடன் பணமும் சேர்ந்து வந்தது என்பதே இங்கு முக்கியம்.

அங்கே சுகாதாரத்துக்கென ஒரு நாற்காலி உண்டு. அதற்குத் தேர்தலும் உண்டு. கிராம பஞ்சாயத்துகளில் சுகாதார-கல்வி நிலைக்குழு, நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் சுகாதார நிலைக்குழு எனச் சட்டமே வகுத்துள்ளது. தலைவர், துணைத் தலைவர் தேர்தலுக்குப் பின் உறுப்பினர்கள் தமக்குள் வாக்களித்து நிலைக்குழுக்களை அமைக்கின்றனர். ஒவ்வொரு குழுவிலும் ஓரிடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. குழு உறுப்பினர்கள் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். கட்சிகள் இந்தக் குழுத் தலைமைகளுக்காகப் பேரம் பேசுவதும், ஒரு வாக்கு மாறி முடிவு தலைகீழாவதும் அங்கு புதிதல்ல.

2025 டிசம்பர் 9, 11 தேதிகளில் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின்பும் இதே வழியில்தான் குழுக்கள் அமையும் முறை. வார்டில் வாக்குக் கேட்டு வென்றவர்தான் சுகாதாரக் குழுவின் தலைவராக முடியும். ஐந்தாண்டு கழித்து அவரோ அவரது கட்சியோ அதே வார்டின் வாசலுக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

பிரசாரத்தில் பேசப்படுவது என்ன?

இதன் விளைவு தேர்தல் பிரசாரத்திலேயே தெரியும். நாட்டின் பல பகுதிகளில் உள்ளாட்சி வேட்பாளர் சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என்று வாக்குறுதி அளிப்பார். மருத்துவமனை அவரது எல்லைக்கு வெளியே இருக்கும். கேரளத்தில் மாலை நேரப் புறநோயாளிகள் பிரிவு நடக்கிறதா, மருந்து இருப்பில் உள்ளதா, படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்க்கச் செவிலியர் வந்தாரா என்ற கேள்விகளுக்கு வார்டு உறுப்பினரே பதில் சொல்ல வேண்டும்.

காரணம், இவற்றில் உள்ளாட்சியின் கை இருக்கிறது. 2017-ல் தொடங்கிய "ஆர்த்ரம்' திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றப்பட்டு, மாலை வரை இயங்கத் தொடங்கின. அதற்கான கூடுதல் மருத்துவரையும் பணியாளர்களையும் பல பஞ்சாயத்துகள் தங்கள் நிதியிலிருந்து அமர்த்தின. மாநில மருத்துவக் கழகத்திலிருந்து மருந்து வரத் தாமதமானால் பஞ்சாயத்தே வாங்கித் தர முடியும். கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளில் தன்னார்வலர்கள் வளர்த்த வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையை 2008-ல் மாநில அரசு கொள்கையாக ஏற்றபோது, வீடுதோறும் செல்லும் செவிலியரை அமர்த்தும் பொறுப்பு பஞ்சாயத்துகளுக்கே வந்தது.

2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர்கள் தொடங்கிய போராட்டம் எட்டு மாதங்களைத் தாண்டி நீடித்தது. மாத மதிப்பூதியத்தை 7,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயாக உயர்த்த வேண்டும் என்பது அவர்களது முக்கியக் கோரிக்கை. மாநில அரசும் மத்திய அரசும் ஒன்றையொன்று குறை கூறிக்கொண்டிருந்த வேளையில், எதிர்க்கட்சிகளின் வசம் இருந்த சில உள்ளாட்சிகள் தங்கள் நிதியிலிருந்து கூடுதல் தொகை தருவதாக அறிவித்தன. அரசியல் கணக்கு அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அப்படியொரு கணக்கைப் போடவும் உள்ளாட்சியின் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

குறைகளும் உண்டு. மருத்துவர்களின் ஊதியம், இடமாற்றம், பதவி உயர்வு ஆகியவை இன்றும் மாநில சுகாதாரத் துறையின் கையில் உள்ளன. வேலைக்கு வராத மருத்துவரைப் பஞ்சாயத்துத் தலைவர் கேள்வி கேட்கலாம். நடவடிக்கை எடுக்கத் துறையைத்தான் நாட வேண்டும். தங்களை உள்ளாட்சியின் கீழ் வைப்பதற்கு மருத்துவர்கள் தரப்பில் தொடக்கத்திலேயே எதிர்ப்பு எழுந்தது. இந்த இரட்டைக் கட்டுப்பாடு முப்பது ஆண்டுகளாகத் தீராத சிக்கலாக நீடிக்கிறது.

நாகாலாந்தின் வேறு பாதை

அந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியது நாகாலாந்து. அங்கு 2002-ல் நிறைவேறிய பொது நிறுவனங்களைச் சமுதாயமயமாக்கும் சட்டம், பள்ளி, மின் விநியோகம், சுகாதார நிலையம் ஆகியவற்றின் மேலாண்மையைக் கிராமக் குழுக்களிடம் அளித்தது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களின் ஊதியம் கிராம சுகாதாரக் குழுவின் வழியாக வழங்கப்பட்டது. "வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்பது விதி. இத்திட்டம் 2008-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் சேவை விருதைப் பெற்றது.

கேரளத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கு இல்லாத அதிகாரம் நாகாலாந்தின் குழுவுக்குத் தரப்பட்டது. ஆனால் அந்தக் குழு வாக்குப்பெட்டியிலிருந்து வருவதல்ல. கிராம சபையின் மூத்தோர் தேர்வு செய்து அமைப்பது. நாகா கிராம சபைகள் மரபாக ஆண்களின் அவைகள். பேறுகாலச் சிகிச்சையும் தடுப்பூசியும் யாருடைய தேவையோ, அவர்களின் குரல் குழுவில் எவ்வளவு ஒலிக்கும் என்ற கேள்வி அங்கே எழுகிறது. ஓரிடத்தில் வாக்கு உண்டு, முழு அதிகாரம் இல்லை. மற்றோரிடத்தில் அதிகாரம் உண்டு, வாக்கு இல்லை.

தேர்தலே நடக்காத நகரங்கள்

நகரங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. மும்பை மாநகராட்சிக்குப் பொது சுகாதாரக் குழு என்று ஒன்று உண்டு. கே.இ.எம்., சயான், நாயர் போன்ற பெரிய மருத்துவமனைகளை அந்த மாநகராட்சியே நடத்துகிறது. ஆனால் 2022 மார்ச்சில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், 2026 ஜனவரி 15-ம் தேதிதான் அடுத்த வாக்குப்பதிவு நடந்தது. இடைப்பட்ட நாலாண்டு காலம் அந்தக் குழுவின் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பெங்களூரு மாநகராட்சியின் பதவிக்காலம் கரோனா தொற்று உச்சத்தை நோக்கிச் சென்ற 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டு கடந்தும் அங்கு தேர்தல் நடக்கவில்லை.

தமிழகமும் இதற்கு விலக்கல்ல. 1939-ம் ஆண்டிலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றி நாட்டுக்கு வழிகாட்டிய மாகாணம் சென்னை. அதன் தலைநகரம் கரோனாவின் இரு அலைகளையும் மாமன்றம் இல்லாமலே எதிர்கொண்டது. 2016 அக்டோபரில் முடிந்த மாமன்றத்தின் இடத்துக்கு அடுத்த மாமன்றம் வந்தது 2022-ல்தான். உள்ளாட்சித் தேர்தல் நடக்காத அந்த ஆண்டுகளில் 14-வது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தையும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது, மீண்டும் தனி அலுவலர்களிடமே பொறுப்பு சென்றது.

அதிகாரிகள் நன்றாகவே நடத்துகிறார்களே என்ற வாதமும் இருக்கிறது. 1994 பிளேக் பீதிக்குப் பின் சூரத் நகரை நாட்டின் தூய்மையான நகரங்களில் ஒன்றாக மாற்றிக் காட்டியவர் ஆணையர் எஸ்.ஆர். ராவ் என்ற அதிகாரியே. தில்லி மாமன்றத்தில் புட்டிகள் பறந்ததைக் கண்டவர்களுக்கு இந்த வாதம் நியாயமாகவே படும். ஆனால் நல்ல ஆணையர் வருவது ஊரின் அதிர்ஷ்டம். அவர் மாற்றப்பட்டால் தடுக்க ஊருக்கு வழியில்லை. மோசமான ஆணையர் வந்தால் அகற்றவும் வழியில்லை. உறுப்பினர் மோசமானவர் என்றால் ஐந்தாண்டில் ஒரு நாள் மக்களுக்கு வருகிறது.

பணம் வந்த பிறகு

இந்த விவாதம் இப்போது வெறும் கொள்கை விவாதமாக இல்லை. கரோனாவின் பாடத்தைக் கருத்தில்கொண்டு 15-வது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கு 70,051 கோடி ரூபாயைச் சுகாதாரத்துக்கென உள்ளாட்சிகளின் வழியாக வழங்கப் பரிந்துரைத்தது. துணை சுகாதார நிலையக் கட்டடங்கள், வட்டார அளவிலான பொது சுகாதாரப் பிரிவுகள், பரிசோதனை வசதிகள் ஆகியவை அதன் நோக்கங்கள். உள்ளாட்சியை நம்பிச் சுகாதாரத்துக்கு இவ்வளவு பெரிய தொகை பரிந்துரைக்கப்பட்டது இந்திய வரலாற்றில் சாதாரண நிகழ்வல்ல.

ஆனால் மக்கள் பிரதிநிதிகளே இல்லாத உள்ளாட்சியில் அந்தப் பணத்தைப் பற்றி யார் முடிவெடுப்பது? பிரதிநிதிகள் இருந்தும் மருத்துவமனை அவர்களின் பொறுப்பில் இல்லாத மாநிலத்தில், யாருடைய பெயரில் செலவு செய்வது? பல இடங்களில் விடை ஒன்றுதான்: மாநிலச் சுகாதாரத் துறை திட்டமிடுகிறது, உள்ளாட்சியின் பெயர் கணக்கில் மட்டும் இடம்பெறுகிறது.

சுகாதாரத்துக்கெனத் தனி வாரியமும் தனித் தேர்தலும் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஏற்கெனவே இருக்கும் பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றின் சுகாதாரக் குழுக்களே போதுமானவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு மூன்று தேவைகள் உள்ளன. உள்ளாட்சித் தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். வென்றவுடன் குழுக்கள் அமைய வேண்டும். அந்தக் குழுவிடம் பணமும், பணியாளர்களைக் கேள்வி கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும். தில்லி இரண்டாவதில் தவறியது. மும்பையும் பெங்களூரும் சென்னையும் முதலாவதில் தவறின. மூன்றாவதில் கேரளம் பாதி தூரம் சென்றிருக்கிறது.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், அரசு மருத்துவமனையில் இரவில் மருத்துவர் இருப்பாரா என்று ஒருவர் கேட்டால், "அது என் கையில் இல்லை' என்பதே நாட்டின் பெரும்பகுதியில் நேர்மையான பதிலாக இருக்கும். அந்தப் பதில் மாறாதவரை, 1946-ல் எழுதப்பட்ட பரிந்துரை நிறைவேறியதாகக் கொள்ள முடியாது.